பூனைக்குப் பால், பாலுக்குப் பசு

அந்த மடிப்பின் கனம் ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். ரிமோட்டில் பறக்கும் ஃபோம் ஜெட்டை அச்சில் வார்க்கும்போதே இறக்கைக்கும், அதன் பின்விளிம்பில் அசைந்து விமானத்தைச் சாய்க்கும் எய்லரானுக்கும் நடுவே ஃபோமை நசுக்கி, மெல்லிசாக ஒரு கோடு இழுத்துவிடுகிறார்கள். கீல் என்பது அதுதான். தனியாக ஆணியும் கிடையாது, தகடும் கிடையாது. பெட்டியிலிருந்து எடுத்த புது ஜெட்டின் எய்லரானை இருபது முப்பது தடவை மேலும் கீழும் மடக்கிப் பழக்க வேண்டும், புதுச் செருப்பைப் பழக்குகிற மாதிரி. முதலில் விறைப்பாக இருக்கும். பிறகு இளகும். இளகியதும் மடிப்பு நெடுக வெள்ளையாக ஒரு தழும்பு விழும். அதைப் பார்த்துவிட்டு விமானத்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போகிறவர்கள் உண்டு. பார்த்துவிட்டுக் கட்டரைத் தேடுகிறவர்களும் உண்டு. பின்னவர்களின் மேசையில் நடப்பதுதான் சுவாரஸ்யம்.

புது பிளேடு போட்ட கட்டரால் மடிப்பைக் கீறினால் எய்லரான் தனியே கையோடு வந்துவிடும். அதன் முன்விளிம்பை மேலும் கீழும் சாய்வாகச் சீவிக் கூராக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்புவதற்கு இடமிருக்காது. மூன்று நான்கு இடங்களில் துளையிட்டுச் சிறு நைலான் கீல்களைச் சொருகவேண்டும். சொருகுமுன் கீலின் மூட்டில் குண்டூசி முனையளவு வாசலின் தடவுகிறார்கள், பசை உள்ளே இறங்கி மூட்டே இறுகிவிடாமல் இருக்க. பசையைப் பல்குத்தும் குச்சியால்தான் வைப்பார்கள். டியூபிலிருந்து நேராகப் பிதுக்கியவர்கள் ஒருமுறைக்கு மேல் அப்படிச் செய்வதில்லை. காய்ந்ததும் பேட்டரியை இணைத்து, எய்லரானை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோ விறைத்து நிற்கும்போது, எய்லரானின் பின்விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு அசைகிறது?

லேத் பட்டறையிலும் மெக்கானிக் ஷெட்டிலும் இந்த வேண்டாத அசைவுக்குப் பெயர் ‘பிளே’. சர்வோவின் பல்சக்கரத்தில் கொஞ்சம், அதன் கையில் உள்ள துளையில் கொஞ்சம், அதை எய்லரானோடு இணைக்கும் கம்பியின் வளைவில் கொஞ்சம், எய்லரானில் ஒட்டிய ஹார்ன் என்கிற சிறு கொம்பில் கொஞ்சம் என்று சேர்ந்து பின்விளிம்பில் ஒன்றரை மில்லிமீட்டர் ஆகிவிடும். இதற்குக் காசு செலவில்லாத வைத்தியம் ஒன்று இருக்கிறது. கம்பியின் ஒரு முனையைச் சர்வோ கையின் உள்துளைக்கும், மறுமுனையை ஹார்னின் கடைசித் துளைக்கும் மாற்றினால் போதும். நெம்புகோல் கணக்குப்படி பிளே பாதியாகக்கூடக் குறையலாம், சர்வோவுக்குப் பலமும் கூடும். எய்லரான் திரும்பும் தூரம் குறைந்துபோகும் என்பதுதான் விலை. பெரும்பாலானவர்கள் அந்த விலையைக் கொடுக்க மனமில்லாமல் புது சர்வோ வாங்குகிறார்கள்.

ஃபோம் என்றதும் நாம் தெர்மாக்கோலை நினைத்துக்கொள்கிறோம். காற்றுக்குத் தெர்மாக்கோல் எவ்வளவு இளக்காரம் என்பதை, நீர் ஆவியாகாமல் இருக்க 2017-இல் வைகை அணையில் அதை மிதக்கவிட்டபோதே பார்த்துவிட்டோம். ஜெட்டின் ஃபோம் அதன் உறவுக்காரன், ஆனால் வேறு ஜாதி. இப்போதைய ஜெட்டுகள் பெரும்பாலும் இ.பி.ஓ. என்கிற ஃபோமில் வருகின்றன. பாலிஸ்டிரீனும் பாலிஎத்திலீனும் கலந்த மணிகளை அச்சில் கொட்டி நீராவியால் உப்பவைத்து வார்ப்பது. உடைவதற்குப் பதில் நசுங்கும். பெட்ரோல் பட்டால் கரைந்தோடும் தெர்மாக்கோலைப்போல இல்லாமல், சயனோஅக்ரிலேட் பசையையும் தாங்கும். அந்தப் பசைக்கும் ஆயுதங்களுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1942-இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் துப்பாக்கிக் குறிநோக்கிக்கு நல்ல பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்தபோது தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டு அவரைப் படுத்திய சாமான் அது. வேண்டாமென்று ஒதுக்கிவைத்ததை 1950-களில்தான் பசையாகப் பார்த்தார்கள்.

நிஜமான சிறு டர்பைன் என்ஜின்களும் மாதிரி விமானங்களுக்கு உண்டு. ஜெர்மனியின் குர்ட் ஷ்ரெக்லிங், ஒட்டுப்பலகையில் கம்ப்ரஸர் சக்கரம் செதுக்கி, கார்பன் இழை சுற்றி, வீட்டுப் பட்டறையிலேயே ஓடுகிற டர்பைன் செய்து காட்டினார். ஆனால் டர்பைனின் வால்வழியே வருகிற புகை 500 டிகிரிக்கு மேல் கொதிக்கும். ஃபோமுக்கு அது ஆகாது. வெயிலில் பூட்டிவைத்த காருக்குள்ளேயே கோணிக்கொள்ளும் சரக்கு அது. ஆகவே ஃபோம் ஜெட்டுக்குள் இருப்பது ஒரு குழாய், குழாய்க்குள் ஒரு மின்விசிறி, அதைச் சுழற்ற பிரஷ்லெஸ் மோட்டார். வெளியே மிக்-15, உள்ளே ஃபேன்.

இந்த ஃபேனைப் பற்றிய கணக்கு கறாரானது. 70 மி.மீ. விட்டமுள்ள ஒன்று 2 கிலோ எடையளவுக்கு விமானத்தை முன்னே தள்ள ஏறத்தாழ 1,300 வாட் கேட்கும். சாதாரண இஸ்திரிப் பெட்டி இழுப்பதைவிட அதிகம், அதுவும் உள்ளங்கையில் அடங்குகிற சாமானுக்கு. அதே ஃபேனிடம் இருமடங்கு தள்ளுவிசை கேட்டால் இருமடங்கு மின்சாரம் கொடுத்தால் போதாது. தள்ளுவிசையின் ஒன்றரை அடுக்காக மின்சாரம் ஏறும், 2-க்கு 2.8 மடங்கு. சிறிய ஓட்டை வழியே காற்றை வேகமாகத் துப்பி முன்னேறுகிற எதற்கும் இந்தத் தண்டனை உண்டு. ஹெலிகாப்டருக்கு ஏன் அத்தனை பெரிய விசிறி என்பதற்கும் இதுதான் பதில்.

பெட்டியோடு வருகிற அமைப்பு நான்கு செல் லித்தியம் பாலிமர் பேட்டரிக்கு என்று வைத்துக்கொள்வோம். செல் ஒன்றுக்கு 3.7 வோல்ட், மொத்தம் 14.8. மோட்டாரின் மேல் 3000 கேவி என்று அச்சிட்டிருக்கும்; ஒரு வோல்ட்டுக்கு 3,000 சுற்று என்று அர்த்தம். பெருக்கினால் நிமிடத்துக்கு 44,400. ஆசைப்படுகிறவர் ஆறு செல் பேட்டரியை அப்படியே மாட்டினால் 66,600 சுற்றுக்கு முயலும். மோட்டார் எரிவதும் ஃபேன் இதழ் சிதறுவதும் எது முந்தும் என்கிற போட்டிதான். விவரம் தெரிந்தவர் மோட்டாரையும் 2000 கேவிக்கு மாற்றுவார். 22.2 வோல்ட்டில் அதே 44,400 சுற்று. சுற்று மாறவே இல்லையே, பிறகெதற்கு? ஆம்பியர் மூன்றில் ஒரு பங்கு குறையும், கம்பி சூடாகாது, வேகக் கட்டுப்படுத்தி ஆசுவாசமாக இருக்கும். அந்த ஆசுவாசத்தை அப்படியே விட்டுவைத்தால் நல்லது. யாரும் விட்டுவைப்பதில்லை. அடுத்த வாரம் 2200 கேவி மோட்டார் ஒன்று பார்சலில் வந்து இறங்கும்.

சத்தத்துக்காகவே ஃபேன் மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் கிண்டல் செய்ய முடியாது. ஐந்து இதழ் ஃபேன் 45,000 சுற்றில் நொடிக்கு 3,750 தடவை காற்றை வெட்டும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000-க்கும் 5,000-க்கும் நடுவிலான அதிர்வெண்களை. எனவே அந்தக் கீச்சல் நேராகப் பல்லைக் கூசவைக்கும். பன்னிரண்டு இதழ் ஃபேன் 40,000 சுற்றில் 8,000 தடவை வெட்டுகிறது. காதின் கூர்மை குறைகிற இடத்துக்குக் கீச்சல் ஏறிப் போய்விட, மிஞ்சுவது காற்றின் இரைச்சல். ‘நிஜ ஜெட் மாதிரியே இருக்கு’ என்கிறார்கள். கீச்சல் எங்கும் போய்விடவில்லை. பக்கத்து வீட்டு நாய்க்குக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

சாமியார் பூனை வளர்த்த கதை தெரிந்ததுதான். கோவணத்தை எலி கடிக்கிறது என்று பூனை வைத்தார். பூனைக்குப் பால் வேண்டும் என்று பசு வைத்தார். பசுவுக்குப் புல் போட ஆள், அப்படியே போய்க் கடைசியில் குடும்பஸ்தர் ஆனார். ஃபோம் ஜெட்டைத் திருத்துகிறவர் இந்தக் கதையை அடி பிசகாமல் நடித்துக் காட்டுகிறார்.

ஆறு செல் பேட்டரி நான்கு செல்லைவிட ஒன்றரை மடங்கு எடை. நீளமும் அதிகம். மூக்குக்குள் இடமில்லை என்று ஃபோமைக் குடைகிறார். குடைந்த இடம் பலவீனமாகிறது, எனவே கார்பன் குச்சி பதிக்கிறார். மொத்த எடை 20 சதவீதம் ஏறிவிட்டது. இறக்கை அதேதான், ஆகவே காற்றில் நிற்பதற்கான குறைந்தபட்ச வேகம் 10 சதவீதம் கூடும். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் தரையைத் தொடும்போது சக்கரம் வாங்கிக்கொள்ள வேண்டிய ஆற்றல் எடையோடும் வேகத்தின் வர்க்கத்தோடும் பெருகுவது. கணக்குப் போட்டால் 44 சதவீதம் அதிகம். முன்சக்கரக் கால் வளைகிறது. அலுமினியக் கால் போடுகிறார், அதுவும் எடை. வேகத்தைக் குறைக்க ஃபிளாப் வெட்டுகிறார். ஃபிளாப்புக்கு இரண்டு சர்வோ, அவற்றுக்கு ஒயர், இறக்கையில் குழி. இப்போது விமானம் மேலேறத் திணறுகிறது. இன்னும் கொஞ்சம் பவர் இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது.

சாமியாரைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் கோவணத்தை எலி கடித்தது உண்மைதானே? ஆலையில் வார்த்த கீல் உண்மையிலேயே மெலிந்தது. பெட்டியோடு வரும் ஒன்பது கிராம் சர்வோ உண்மையிலேயே சுமார்தான். தயாரிப்பாளர் ஒரு விலைக்குள், ஒரு வேகத்துக்குள், சராசரிக் கையொன்றை மனதில் வைத்து எல்லாப் பலவீனங்களையும் சமமாகப் பங்குபோட்டிருக்கிறார். திருத்துகிறவர் அதில் ஒன்றை மட்டும் பிடுங்கிப் போடுகிறார். பலவீனம் சாவதில்லை, அடுத்த மூட்டுக்குக் குடிபோகிறது. ஜெட் திருத்துவது என்பது அது எந்த மூட்டுக்குப் போயிருக்கிறது என்று தேடிக்கொண்டே இருக்கிற வேலை.

இதற்கு நல்ல சாட்சி ஜெர்மனியில் பிறந்த ஒரு விமானம். பிரெட்டன் நகரத்து மல்டிபிளெக்ஸ் நிறுவனத்தின் ஃபன்ஜெட். பெயரில்தான் ஜெட், வாலில் சுழல்வது சாதாரண புரொப்பெல்லர். இறக்கை நுனியிலிருந்து நுனிக்கு ஏறத்தாழ 80 செ.மீ., முக்கோண வடிவம், வாலுக்குக் கிடைமட்டத் தட்டு கிடையாது. ஏறி இறங்குவதற்கும் சாய்வதற்கும் சேர்த்து இறக்கையின் பின்னால் இரண்டு எலிவான்கள் மட்டும். விளையாட்டுக்கு என்று விற்ற இந்த ஃபோம் முக்கோணத்தில் ஐரோப்பாவெங்கும் ஆட்கள் எந்த மோட்டாரையெல்லாம் திணித்துப் பார்த்தார்கள் என்பது தனிப் புராணம். வேகம் ஏறஏற இறக்கை முறுக்கியது, கார்பன் பதித்தார்கள். பிறகு எலிவான் வளைந்தது. கண்ணாடி இழை போர்த்தினார்கள், அல்லது ஃபோம் எலிவானைத் தூக்கியெறிந்துவிட்டு பால்சா கட்டையில் செய்து வைத்தார்கள். கடைசியில் நிறுவனமே இன்னும் கெட்டியான, வேகத்துக்கென்றே ஆன ‘ஃபன்ஜெட் அல்ட்ரா’வைக் கொண்டுவந்தது. மேசைமேல் கிறுக்கர்கள் செய்த ஆராய்ச்சி, ஆலையின் அச்சுக்குள் போய்ச் சேர்ந்தது என்று இதைச் சொல்வதில் தப்பில்லை.

வேகம் எலிவானை ஏன் வளைக்கிறது? காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால். மணிக்கு 100 கி.மீ.யில் சாதுவாக இருந்த பலகையை 200-இல் நான்கு மடங்கு பலத்தோடு காற்று தள்ளும். அது தள்ளுவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. இறக்கை லேசாக முறுக்கும்போது, கீலுக்குப் பின்னால் கனமுள்ள எய்லரான் ஒரு கணம் பின்தங்கும். அந்தப் பின்தங்கல் இறக்கையை இன்னும் முறுக்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குமேல், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காற்று கொஞ்சம் சக்தியை ஊட்டிவிட, ஆட்டம் அரை நொடியில் ஆவேசமாகிவிடும். ஃபிளட்டர் என்கிறார்கள். மைதானத்தில் நிற்பவர்களுக்கு முதலில் கேட்பது பட்டத்தின் வால் படபடப்பது போன்ற ஒரு ‘பர்ர்ர்’. அடுத்து ஏதோ ஒன்று தனியாக மிதந்து இறங்கும். பெரிய விமானங்களில் கீலுக்கு முன்னால் ஈயமோ வேறு கனமோ வைத்துச் சமன் செய்வதும், மாதிரி விமானக்காரர் கால் மில்லிமீட்டர் பிளேக்காகத் தூக்கம் கெடுவதும் இதே பயத்தால்தான்.

அந்தப் பயம் பெரிய விமானங்களை விட்டுவைத்ததா என்ன? 1997 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் மேரிலாந்தில், பால்டிமோருக்கு அருகே ஒரு விமானக் கண்காட்சி. ராடாரில் சிக்காத எஃப்-117 கூட்டத்துக்கு மேல் பறந்து மேலேறத் தொடங்கியபோது அதன் இடது இறக்கை படபடத்துப் பிய்ந்தது. விமானி குதித்துத் தப்பினார். விமானம் குடியிருப்பில் விழுந்து எரிந்தது. விசாரணையில் கண்டது: இறக்கையின் எலிவானை இயக்கும் அமைப்பைத் தாங்கும் சட்டத்தில் இருக்க வேண்டிய ஐந்து இணைப்பாணிகளில் நான்கைக் காணவில்லை. கோடிக்கணக்கான டாலர் விமானம். அதன் மூட்டில் இருந்தது அதே பிளே.

எல்லாத் திருத்தத்துக்கும் இப்படிக் காரணம் இருந்துவிடுவதில்லை. கிடைமட்ட வாலில் பின்பகுதி மட்டும் அசையும் எலிவேட்டரை நீக்கிவிட்டு, வால்தட்டு முழுவதும் ஓர் அச்சில் திரும்புவதாக மாற்றுவது பலருக்குப் பிரியமான வேலை. இதன் மூலக்கதை 1947. பெல் எக்ஸ்-1 என்கிற சோதனை விமானம் ஒலியின் வேகத்தை நெருங்கியபோது அதிர்வலை கீலின்மேல் வந்து உட்கார்ந்துகொள்ள, எலிவேட்டர் செத்த கைபோல ஆனது. எலிவேட்டரை விட்டுவிட்டு வால்தட்டு முழுவதையும் நகர்த்திப் பார்க்கலாம் என்றார் பொறியாளர் ஜாக் ரிட்லி. அந்த ஆண்டு அக்டோபர் 14 அன்று அதன் விமானி சக் யேகர் ஒலியைத் தாண்டினார். கொரியப் போர்க்காலத்து சேபர் எஃப்-86இ முதல் இன்றைய போர் விமானங்கள் பலவற்றிலும் அந்த ஏற்பாடுதான். ஃபோம் சேபரோ ஒலியின் வேகத்தில் ஏழில் ஒரு பங்கைத் தாண்டினால் பெரிய விஷயம். தனக்கு வரவே முடியாத நோய்க்கு அது மருந்து சாப்பிடுகிறது. பக்கவிளைவு வேறு: அசையாத பாதி என்று ஒன்று இல்லாததால் ஒற்றை சர்வோ கையில் மொத்த வாலும் தொங்குகிறது, அச்சைச் சில மில்லிமீட்டர் தள்ளி வைத்தாலும் தட்டு சொன்னபடி கேட்காது. இருந்தும் ஓடுபாதையில் நிற்கும்போது டிரான்ஸ்மிட்டர் குச்சியை இழுத்தால் மொத்த வாலும் சாய்கிறதே, அந்தக் காட்சிக்கு ஈடில்லை என்கிறார்கள். அதை மறுக்கவும் முடியவில்லை.

எய்லரான், எலிவேட்டர் போன்ற பலகைகளைப் பெரிதாக்குவதும் அதிகம் திரும்பவைப்பதும் நல்லது என்கிற நம்பிக்கையும் அப்படித்தான். 1974 ஜனவரி 20 அன்று கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில், எஃப்-16 போர் விமானத்தின் முன்மாதிரியான ஒய்.எஃப்-16 ஓடுபாதையில் வேகமாக ஓடிப் பார்க்க மட்டும்தான் வந்தது. அதன் குச்சி அசையவே அசையாது. கையின் அழுத்தத்தை உணர்ந்து கணினிக்குச் சொல்லும். பக்கவாட்டுச் சாய்வுக்கான உணர்திறன் வேண்டியதைவிட அதிகம் வைக்கப்பட்டிருந்தது. விமானம் இடமும் வலமுமாகத் தள்ளாடி, வால்தட்டு தரையில் உரசியது. தரையில் இருப்பதைவிட வானத்தில் இருப்பது பத்திரம் என்று முடிவுசெய்த விமானி ஃபில் ஓஸ்ட்ரிக்கர் அப்படியே கிளம்பிவிட்டார். ஆறு நிமிடம் பறந்து இறங்கினார். அதிகாரபூர்வமான முதல் பறப்பு பிப்ரவரி 2 என்றுதான் ஏட்டில் இருக்கிறது. குச்சியின் நடுப்பகுதியில் உணர்திறனை மழுக்கிவைக்க ‘எக்ஸ்போ’ என்றொரு வசதி இன்று பெரும்பாலான டிரான்ஸ்மிட்டர்களில் உண்டு. 30 சதவீதம் வைத்துக்கொள் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். இளையவர்கள் முதல் விமானம் போன பிறகு கேட்பார்கள்.

இறங்கும்போதுதான் குழாய்க்குள் விசிறி வைத்ததன் இன்னொரு குணம் தெரியும். மூக்கில் புரொப்பெல்லர் உள்ள விமானத்தில் திராட்டிலைத் திறந்த மாத்திரத்தில் காற்று வால்மேல் பாயும்; மெதுவாகப் போகும்போதும் வால் பிடிமானத்தோடு இருக்கும். ஜெட்டில் காற்று முழுக்கக் குழாய்க்குள்ளேயே போய்விடுகிறது, வாலுக்கு ஒரு சொட்டும் கிடையாது. ஃபேன் வேகம் பிடிக்கவும் ஒரு கணம் ஆகும். சிலர் வெளியேறும் காற்றின் வாயிலேயே சிறு தகடு வைத்துத் திருப்புகிறார்கள். வி-2 ராக்கெட்டின் வாயில் கிராஃபைட் தகடு வைத்ததும் இதே யோசனைதான். மற்றவர்கள் வேகத்தோடு இறங்கிவிட்டு, புல்தரை பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுகிறார்கள்.

60 ஆம்பியர் இழுக்கும் ஃபேனுக்கு 4,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி முழு வேகத்தில் நான்கு நிமிடம் வரும். ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைக்க வேண்டும் என்பதால் கையில் இருப்பது மூன்று நிமிடமும் சில வினாடியும். அத்தனை இரவு வேலைக்கும் அவ்வளவுதான் வானம்.

டிரான்ஸ்மிட்டர் மணி அடிக்கிறது. ஜெட் தாழ்ந்து, ஃபிளாப் இறக்கி, புல்லின் நுனியைத் தொட்டு, இரண்டு முறை துள்ளி, முன்சக்கரம் ஒரு குழியில் இடற நிற்கிறது. மூக்கின் அடியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு நசுங்கல். வீட்டில் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து மெல்ல அதன்மேல் ஊற்றினால், அச்சில் உப்பியது போதாதென்று மணிகள் இன்னொரு முறை உப்பும். பள்ளம் மேலெழுந்து வருவதைக் கண்ணால் பார்க்கலாம், தோசை மேல் குமிழி எழுவதுபோல. பெயின்ட் கொஞ்சம் சுருங்கும், போகட்டும். துணியால் ஒற்றிவிட்டு விமானத்தை மடியில் திருப்பிப் போட்டதும் விரல்கள் தாமாகவே எய்லரானின் பின்விளிம்புக்குப் போகின்றன. கீலில் ஒன்றுமில்லை. சர்வோ கையில் கால் மில்லிமீட்டர்.